ஒன்பதாம் இலக்கமும் நீலக் கோட்டும்

ஒருவரை "வெளியே போ" என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல், சிரித்த முகத்தோடு, கைதட்டி, மரியாதை செய்து வெளியே நிறுத்திவிடுவதற்கு என்ன பெயர்?

பல நாளாக யோசிக்கிறேன். பதில் இல்லை. அவமானம் என்று நான் சொன்னால், "என்ன பிள்ளை, மரியாதையெல்லோ செய்தவை" என்கிறார்கள். மரியாதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மழை என்று சொல்ல முடியாத ஒரு தூறல். கிழக்கு லண்டனில் ஒரு ரக்பி மைதானம், இடைவேளை நேரம். நடுக்கோட்டில் என் கணவர் ஜெரோம் நிற்கிறார். கடும் நீலக் கோட்டு, கிளப்பின் கழுத்துப்பட்டி, அந்தப் புல்லுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பளபளப்பான சப்பாத்து. எங்கள் தேவாலயப் பங்கின் தமிழ்ச் சபைத் தலைவர் அந்தோனி அண்ணை அவருடைய தோளில் பொன்னாடை போர்த்துகிறார். சரிகை ஈரத்தில் கோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று பஸ் நிறைய வந்த எங்கள் சனம் எழுந்து நின்று கைதட்டுகிறது.

நான் மேலே இருக்கையில், மடியில் மகள் அமலி. வயது ஒன்றரை. சத்தம் காதைப் பாதிக்குமோ என்று பெரிய காதுமூடி போட்டுவிட்டிருந்தேன். அது தலையை இறுக்குமோ என்ற கவலையில் ஒவ்வொரு நிமிடமும் கழற்றிக் கழற்றிப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். அவள் அப்பாவைக் கண்டு இரண்டு கையையும் நீட்டுகிறாள்.

நான் கைதட்டவில்லை. அன்று அவர் அந்த இடத்தில் கோட்டோடு நின்றிருக்கக் கூடாது. ஒன்பதாம் இலக்கச் சட்டையோடு, முழங்கால்வரை சேறோடு, உள்ளே உடைமாற்றும் அறையில் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

அவர் என்ன வேலை பார்க்கிறார்

இந்தப் பத்தியில் அமலியின் முதல் காய்ச்சலைப் பற்றி நான் எழுதிய வாரம், விம்பிள்டனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "கணவர் வேலைக்குப் போய்விட்டார் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். என்ன வேலை என்று ஓரிடத்திலும் இல்லையே?"

வேண்டுமென்றுதான் விட்டேன். எழுதினால் விளக்க வேண்டிவரும்.

ஜெரோம் சம்பளத்துக்கு ரக்பி விளையாடுகிறார். ரக்பியில் இரண்டு வகை உண்டு; அவருடையது ரக்பி லீக். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுகிறவரை எதிரணி பிடித்து விழுத்தும். விழுந்தவர் எழும்பிப் பந்தைக் காலால் பின்னுக்குத் தட்டுவார். இப்படி ஆறு தடவை விழுவதற்குள் எதிராளியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். காலால் தட்டிய அந்தப் பந்தை ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்து, இடமா வலமா, கொடுப்பதா ஓடுவதா என்று முடிவெடுப்பவர்தான் ஒன்பதாம் இலக்கக்காரர். குள்ளமாக, கட்டையாக, பிடிவாதமாக இருக்க வேண்டும். ஜெரோமிடம் மூன்றும் உண்டு.

இது இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து விளையாட்டு. லண்டனில் இதை விளையாடுகிறவர்களே குறைவு. அதில் பெற்றோர் மன்னார், பிறந்தது கிழக்கு லண்டன் செவன் கிங்ஸ் என்று ஒருவர் இருப்பது இன்னும் குறைவு.

எங்கள் கல்யாணப் பேச்சு வந்தபோது நான் இங்கே மேற்படிப்பை முடித்து, ஒரு கவுன்சில் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். யாழ்ப்பாணத்து இளவாலையில் இருந்து அம்மா போனில் கேட்டார்.

"ரக்பி எண்டா கொழும்புப் பள்ளிக்கூடப் பொடியள் விளையாடுறதெல்லே. சரி, அது பின்னேரத்தில. பகல்ல பொடியன் என்ன செய்யிறார்?"

"பகல்லயும் அதுதான் அம்மா."

"பகல்லயுமோ?"

அந்த "பகல்லயுமோ" இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பா போனை வாங்கி, "பொடியன் குடிக்கிறவரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பேந்தென்ன, பிரச்சினை இல்லை" என்றார். அதோடு முடிந்தது.

எனக்கு அதோடு முடியவில்லை. எங்கள் வீட்டு பிரீஸரில் துருவின தேங்காய்க்குப் பக்கத்தில் ஐஸ் பொதிகள் அடுக்கியிருக்கும். அவருடைய இடது காது பல தடவை நசுங்கி மடிந்துபோனது. அமலி பால் குடிக்கும்போது அதைத்தான் பிடித்துக்கொள்வாள். அவர் ஒவ்வொரு முறை விழும்போதும் நான் "மாதாவே" என்று சொல்லுவேன். ஒரு ஆட்டத்தில் அவர் எத்தனை தடவை விழுகிறார் என்று ரக்பி தெரிந்தவர்களுக்குத் தெரியும். அமலி பிறந்த பிறகு இன்னொரு மன்றாட்டையும் சேர்த்தேன். "இந்த விளையாட்டைக் காயமில்லாமல் விட்டுவிட ஒரு வழி காட்டும்." அவருக்குத் தெரியாமல்தான்.

இப்போது நான் கோபப்படுவதற்கு எனக்கு உரிமை உண்டா என்று நானே என்னைக் கேட்பதும் அந்த மன்றாட்டினால்தான்.

இந்த வருடம் அத்திவாரம்

அவருடைய கிளப்பின் பெயர் ஹெரன்ஸ். சட்டையில் ஒரு பறவை ஒற்றைக் காலில் நிற்கும். எங்கள் சனம் "கொக்கு ரீம்" என்று சொல்லும்.

போன வருடம் கொக்கு ரீம் எல்லாருக்கும் கீழே முடித்து ஒரு பிரிவு இறங்கியது. கிளப் கைமாறியது. மார்ட்டின் என்ற புதிய பயிற்சியாளர் வந்தார். குடும்பங்களையும் அழைத்து ஒரு கூட்டம் வைத்தார்கள். திரையில் சாரம் கட்டிய ஒரு வீட்டின் படம்.

"இது மீளக் கட்டும் வருடம். தோற்றாலும் பரவாயில்லை. இந்த வருடம் அத்திவாரம், அடுத்த வருடம் சுவர்" என்றார் மார்ட்டின்.

நல்ல பேச்சு. நானும் தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த ஷார்லட், அவளும் ஒரு வீரரின் மனைவி, என் காதுக்குள் சொன்னாள்: "கட்டுவதற்கு முதல் என்ன செய்வார்கள் என்று சொல்லவில்லை பார்த்தாயா? இடிப்பார்கள்."

மனைவிமாருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. யாருடைய குழந்தைக்குப் பல் முளைத்தது, எங்கே நல்ல தள்ளுவண்டி வாங்கலாம் என்ற கதைகள்தான். கூட்டம் முடிந்து சில வாரத்தில், கணவர்மாரைக் கிளப் நிறுத்த நிறுத்த, அதிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறத் தொடங்கினார்கள். ஷார்லட் முதல் ஆளாகப் போனாள். அவளுடைய குழந்தையின் பிறந்தநாளுக்கு அமலி போட்டுக்கொண்டு போக ஒரு சட்டை வாங்கி வைத்திருந்தேன். அது பையோடு அலுமாரியில் கிடக்கிறது.

மீளக் கட்டுவதற்கு அவர்கள் சொன்ன அந்த "ரீபில்ட்" என்ற சொல்லின் மேல் எனக்கு அன்று பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதில் யாருடைய கையும் தெரிவதில்லை. "உன்னை எடுக்கவில்லை" என்றால், யார் எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். "இது ரீபில்ட்" என்றால் யாரைப் பிடித்துக் கேட்பது? மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்லுகிறார்கள்.

ஜெரோமுக்கு முப்பத்தொரு வயது. பருவத்தின் தொடக்கத்தில் முழு ஆட்டமும் ஆடினார். பிறகு கடைசி இருபது நிமிடம். பிறகு மாற்று ஆட்கள் உட்காரும் வாங்கில் போர்வையோடு இருந்தார். அணி வாராவாரம் தோற்றுக்கொண்டிருந்தது. பத்தொன்பது வயதில் ஒரு பொடியனை ஒன்பதாம் இலக்கத்துக்குப் பழக்கினார்கள். பழக்கியது யார்? ஜெரோம்தான்.

"உங்கட இடத்துக்கு வாற ஆளுக்கு நீங்களே சொல்லிக் குடுக்கிறீங்களே?" என்று கேட்டேன்.

"அவன் பந்தை லேட்டா எடுக்கிறான் ரேணு. லேட்டா எடுத்தா அவன்ர கழுத்துதான் போகும்" என்றார்.

அவருடைய தமிழ் தன் அம்மாவிடம் கேட்டுப் பழகிய மன்னார்த் தமிழ். கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். அன்று தமிழில்தான் சொன்னார்.

ஒலிவியாவின் யோசனை

தோற்கிற அணியைப் பார்க்க ஆள் வருவதில்லை. இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. கிளப்பின் சமூகத் தொடர்புப் பொறுப்பில் ஒலிவியா என்று ஒரு பெண். கெட்டவள் இல்லை, அமலிக்கு ஒவ்வொரு தடவையும் ஏதாவது கொண்டுவருவாள். அவள் எனக்குப் போன் எடுத்தாள்.

"ரேணு, ஒரு தமிழர் ஞாயிறு வைப்போமா? உங்கள் கோயில் ஆட்கள் வருவார்களா? ஜெரோமை மையமாக வைத்து."

எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. மையமாக வைக்கப்போகிறவரை வெளியே விடமாட்டார்கள் என்று நினைத்தேன். கணக்கு அப்படித்தானே போகும்?

போஸ்டர் வந்தது. ஒன்பதாம் இலக்கச் சட்டையோடு, பந்தை எடுக்கக் குனிந்த ஜெரோம். கீழே தமிழில், "எங்கள் வீரரை வந்து நுகருங்கள்" என்று இருந்தது. எந்த இயந்திரம் மொழிபெயர்த்ததோ. "எங்கள் வீரர் விளையாடுவதைப் பார்க்க வாருங்கள்" என்று திருத்தி அனுப்பினேன். *விளையாடுவதை*. என் கையால் எழுதிய சொல்.

பூசை முடிவில் பாதர் அறிவித்தார். "வாற ஞாயிறு ஜெரோமின்ர மட்ச். பிரசங்கத்தைச் சுருக்கிறன். அதுக்கு ஒருத்தரும் கைதட்டத் தேவையில்லை."

கைதட்டினார்கள்.

மண்டபத்தில் ரீ குடித்துக்கொண்டே திட்டம் போட்டார்கள். புளோரன்ஸ் அன்ரிதான் எங்கள் பங்கின் சமையல் பொறுப்பு.

"மட்டன் ரோல்ஸ்தான். மீன் ரோல்ஸ் எண்டா வெள்ளைக்காரர் பக்கத்தில இருக்க மாட்டினம்" என்றார்.

"ரோல்ஸ் வெள்ளைக்காரருக்கே, எங்களுக்கே?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆருக்கெண்டாலும் பொரிக்கிறது நான்தானே" என்றார் அன்ரி.

அந்தோனி அண்ணை எழும்பினார். இல்போர்ட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். "எங்கட பிள்ளைக்கு ஒரு பொன்னாடை போர்த்த வேணும். வெண்டாலும் போர்த்துறம், தோத்தாலும் போர்த்துறம்."

ஒலிவியாவிடம் கேட்டேன். இடைவேளையில் ஐந்து நிமிடம் தரலாம், அற்புதம், படம் எடுக்கலாம் என்றாள். அந்த நேரத்தில் ஜெரோம் உள்ளே களைப்பாறிக்கொண்டிருப்பாரே என்றேன். "அதைப் பார்த்துக்கொள்ளலாம்" என்றாள்.

அந்த வசனத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டுமோ?

பஸ்ஸில் ஒரு போன்

வெள்ளிக்கிழமை இருபத்தொரு பேரின் பெயர் அறிவித்தார்கள். ஜெரோமின் பெயர் இருந்தது. அதிலிருந்து பதினேழு பேரை ஆட்ட நாளில்தான் எடுப்பார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து பஸ் ஏறினோம். பின்னால் பிள்ளைகள் பைலாப் பாட்டு. ரோல்ஸ் பெட்டியிலிருந்து மணம். எனக்குப் பக்கத்தில் மாமி, ஜெரோமின் அம்மா, கையில் செபமாலை. ஸ்ட்ராட்போர்ட் தாண்டும்போது போன் அடித்தது.

"ரேணு, நான் இண்டைக்கு இல்லை."

"என்ன இல்லை? அடிபட்டதோ? தலையிலயோ?"

"இல்லையப்பா. செலக்ட் பண்ணேல்ல. இப்பதான் சொன்னவை. கோட்டுப் போட்டுக்கொண்டு கேற்றில நிண்டு சனத்தை வரவேற்கட்டாம்."

முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்காமல் எழுதுகிறேன். இன்றைக்கு அவர் விழமாட்டார் என்று உடம்பு முழுவதும் தளர்ந்தது. அடுத்த மூச்சில்தான் கோபம் வந்தது.

"அந்தோனி அண்ணைக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"ரோல்ஸெல்லாம் கொண்டு வருகினம் என்ன?" என்றார். "சொல்லாதேயும். வந்து பாக்கட்டும்."

எழும்பி எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு மனம். அவர் வேண்டாம் என்ற பிறகு நான் யார் என்று இன்னொரு மனம். அதற்குள் பஸ் மைதானத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் சனத்தின் பார்வை

இதைத்தான் நான் ஆற அமர எழுத வேண்டும். கிளப் செய்தது ஒரு பக்கம். எங்கள் சனம் அதைப் பார்த்த விதம் இன்னொரு பக்கம்.

கேற்றில் ஜெரோம் நின்றார். நீலக் கோட்டு, கையில் கிளப் அட்டை. புளோரன்ஸ் அன்ரி அவரைக் கண்டதும் வாயில் கை வைத்தார்.

"கடவுளே! தம்பி மனேஜர் ஆயிட்டாரே!"

ஜெரோம் சிரித்தார். பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு.

"சொல்லவேயில்லையே பிள்ளை!" என்று அன்ரி என் தோளில் தட்டினார். "சப்ரைஸ் எண்டு வச்சிருந்தனியோ?"

"இல்லை அன்ரி, அது வந்து..."

"அடக்கம். அதுதான் உங்கட குடும்பம்."

ஒருவர் சொன்னது பத்துப் பேரிடம் போய், இருக்கையில் உட்காருமுன்னே மூன்று பஸ்ஸுக்கும் பரவிவிட்டது. ஆட்டம் தொடங்கியது. கீழே பதின்மூன்று பேர் சேற்றில் உருண்டார்கள். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் நின்றார். எங்கள் வரிசையில் ஒரு மாமா தன் மகனுக்கு விரலால் காட்டிச் சொன்னார்: "பாத்தியே, மற்றவை சேத்துக்க கிடக்கினம். ஜெரோம் அண்ணை கோட்டோட நிண்டு நடத்துறார். அதுக்குத்தான் படி படி எண்டு சொல்லுறது."

அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்து பெற்றோல் செட்டிலும் பேக்கரியிலும் இரவுபகலாக நின்று, பிள்ளைகளைக் கோட்டுப் போட வைப்பதற்காகவே உழைத்தவர்கள். சேற்றிலிருந்து கோட்டுக்குப் போவது அவர்களுக்கு ஏற்றம்தான். இறக்கமாக இருக்கும் என்று எப்படித் தோன்றும்? ஆனால் அன்று அந்த அன்பு எனக்கு மூச்சுமுட்டியது.

மாமிக்கு மட்டும் தெரிந்தது. அவர் பதினைந்து வருடமாக மகனின் ஆட்டம் பார்க்கிறவர். ஒன்பதாம் இலக்கச் சட்டை வேறொருவர் முதுகில் ஓடுவதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம் மாமி. பஸ்ஸில சொன்னவர்."

"காயமோ?"

"இல்லை."

செபமாலையைக் கைப்பைக்குள் வைத்து மூடினார். அவ்வளவுதான்.

இடைவேளையில் அந்தோனி அண்ணை மைக்கை வாங்கினார். "வீரனாகத் தொடங்கி இன்று நிர்வாகியாக உயர்ந்து நிற்கும் எங்கள் தம்பி ஜெரோம் அவர்களுக்கு" என்று மேடைத் தமிழில் தொடங்கி, பொன்னாடையை விரித்தார். ஒலிவியா மண்டியிட்டுப் படம் எடுத்தாள். மார்ட்டின்கூட வெளியே வந்து கைதட்டினார். தமிழ் தெரியாதவருக்கு அங்கே என்ன சொல்லப்பட்டது என்று தெரியாது. தெரிந்தவர்களுக்கு அங்கே என்ன நடந்தது என்று தெரியாது.

எதிர்ப்பக்கம் வழமையாக வரும் பழைய ரசிகர்கள் சிலர், கொக்குத் தொப்பியோடு. அவர்கள் கைதட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் கையை வாயருகே குவித்துக் கத்தினார்: "ஜெரோம்! போய் உடுப்பை மாற்றிக்கொண்டு வா! நீ உள்ளே நிற்க வேண்டியவன்!"

எனக்கு அழுகை வந்தது. அந்த முழு மைதானத்தில் என்னைத் தவிர என் கணவருக்காகக் கோபப்பட்ட ஒரே ஆள், பெயர்கூடத் தெரியாத ஒரு வெள்ளைக்காரர்.

இரண்டாம் பாதியில் இன்னொன்று நடந்தது. அந்தப் பத்தொன்பது வயதுப் பொடியன் குனிந்து பந்தை எடுத்தவன் கொடுக்காமல் தானே ஓடி, இருவருக்கு நடுவால் புகுந்து எல்லைக்கோட்டைக் கடந்தான். பல வாரங்களுக்குப் பிறகு ஹெரன்ஸ் வென்றது. மைதான ஓரத்தில் எல்லாரையும்விட உயரமாகத் துள்ளியது ஜெரோம்தான், பொன்னாடை பறக்க. அவன் பந்தைச் சரியான நேரத்தில் எடுத்தான் என்ற சந்தோஷம். நடிப்பில்லை. எனக்குத் தெரியும்.

அவரே சந்தோஷப்படும்போது நான் ஏன் எரிகிறேன் என்று அப்போதும் ஒரு கணம் யோசித்தேன்.

யாருடைய வேலையும் இல்லை

ஆட்டம் முடிந்து கார் நிற்கும் இடத்தில் மார்ட்டினைப் பிடித்தேன். இடுப்பில் அமலி, தோளில் அவளுடைய டயப்பர்கள் வைத்த நப்பிப் பை. வாயைத் திறந்ததும் வந்த முதல் சொல், "தொந்தரவுக்கு மன்னிக்கவும்." அதற்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொள்கிறேன்.

"போஸ்டரில் ஜெரோமின் படம் போட்டு எங்கள் ஆட்களைக் கூப்பிட்டீர்கள். பிறகு ஏன் அவரை எடுக்கவில்லை?"

"போஸ்டர் என் வேலை இல்லை, ரேணு" என்றார் பொறுமையாக. "நான் ஆட்டத்துக்கு ஆளை எடுக்கிறேன். அவர் அருமையான மனிதர்."

பக்கத்தில் நின்ற ஒலிவியாவைப் பார்த்தேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆளை எடுப்பது என் வேலை இல்லை. எனக்கும் காலையில்தான் தெரியும். ஆனால் பாருங்கள், உங்கள் ஆட்கள் எவ்வளவு சந்தோஷமாகப் போகிறார்கள்!"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஒரு மனிதனின் முகத்தை ஒருவர் எடுத்துக்கொண்டார், கால்களை மற்றவர் வேண்டாம் என்றார். இரண்டும் ஒரே ஆளுடையவை என்பதைக் கவனிப்பது யாருடைய வேலையும் இல்லை. வென்றிருந்ததால் என் கேள்வி இன்னும் சின்னதாகிவிட்டது. அமலி அழத் தொடங்கினாள். "குட்டிக்குக் குளிர்கிறது போல" என்றார் மார்ட்டின். உண்மைதான், குளிர்ந்தது. நான் பேச்சை விட்டுவிட்டு அவளுடைய சட்டையை இழுத்து மூடினேன்.

இரண்டு பதில்கள்

அடுத்த வாரம் கிளப் ஜெரோமை அழைத்தது. வரும் பருவத்தில் அவரைச் "சமூகத் தூதர்" ஆக்க விரும்புகிறார்களாம். விளையாடத் தேவையில்லை. கோட்டுப் போட்டு, கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய் வந்தால் போதும். அன்றைய படங்களைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்ததாம். எங்கள் சனம் கைதட்டிய கைதட்டலின் பலன்.

அதே வாரம் வடக்கில் ஒரு சின்ன ஊர் கிளப்பிலிருந்து போன் வந்தது. அவர்களுக்கு ஒன்பதாம் இலக்கத்துக்கு ஆள் வேண்டும். அங்கே தமிழ்ப் பூசை இல்லை, மாமி இல்லை, என் வேலை இல்லை. மைதானத்தில் இடம் உண்டு. அவர் திரும்ப விளையாடுவதற்கு உள்ள ஒரே இடம் அதுதான்.

மாத முடிவுக்குள் இரண்டு இடத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு ரேணு. காலுக்குத் தெரியுது." பிறகு, "நீர் போ எண்டாப் போறன். நில் எண்டா நிக்கிறன். உமக்குப் பயமெண்டு தெரியும். நான் விழேக்க நீர் கண்ணை மூடுறதைக் கீழ இருந்து பாக்கிறனான்" என்றார்.

நான் கண்ணை மூடுவது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

மாமியிடம் கேட்டால் "உங்கட குடும்பம், நீங்கள் பாருங்கோ" என்கிறார். அம்மாவிடம் கேட்டேன். "கோட்டு வேலையே? ஆண்டவர் கண் திறந்திட்டார்" என்கிறார். எங்கள் பங்கில் யாரிடமும் கேட்க முடியாது. அவர்கள் ஏற்கெனவே வாழ்த்திவிட்டார்கள்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். நான் "நில்" என்றால் அது அவருக்காகவா, என் பயத்துக்காகவா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "போ" என்றால் அது அவருடைய ஆசைக்காகவா, அந்தக் கார் நிறுத்துமிடத்தில் எனக்கு வந்த கோபத்துக்காகவா என்றும் தெரியவில்லை. கோபத்தில் ஒரு குடும்பத்தை வடக்கே தூக்கிக்கொண்டு போகலாமா? பயத்தில் ஒரு மனிதனை நிறுத்தலாமா?

கடலுக்குப் போகிறவருக்கு, பட்டாளத்துக்குப் போகிறவருக்கு, உயரத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு "போய்வாருங்கள்" என்று சொல்லிப் பழகிய பெண்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சொல்லாமல் நிறுத்தியவர்களும் இருப்பீர்கள். எது சரி என்று எழுத வேண்டாம். சொன்ன பிறகு ஒரு வருடம் கழித்து, அவர் உங்களை எப்படிப் பார்த்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். மாத முடிவுக்கு முன் எழுதினால் பெரிய உதவி.